நிறம் போன தண்ணீர்

ஸைனம்புவின் தொழில் பிறர் போட்ட நிறத்தை எடுப்பது. கிழக்கிலங்கையின் மருதமுனையில் தறி வைத்திருந்தவர்கள் பலர், சாயம் போடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர், வெளுப்பவள் அவள் ஒருத்திதான். திட்டுத்திட்டாகச் சாயம் பிடித்த நூல், சொன்ன நிறத்தைத் தாண்டிக் கறுத்துப்போன நூல், கலியாணச் சேலைக்கென்று போட்டு மாப்பிள்ளையின் உம்மா வேண்டாமென்று சொல்லிவிட்ட நூல், எல்லாம் கடைசியில் அவளுடைய கிணற்றடிக்குத்தான் வந்து சேரும்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. கலியாணம் முடித்து இரண்டாம் வருடம், புருஷன் காலிதீனுக்கு வந்த பன்னிரண்டு கழி நூல் பச்சையும் நீலமுமாகக் கெட்டுப்போனது. சாயக்காரர்கள் கைகழுவும்போது ஹைட்ரோஸ் என்ற வெள்ளைத் தூளைத் தொட்டுக் கறை போக்குவதை அவள் கண்டிருந்தாள். கையில் போகும் கறை நூலில் ஏன் போகாது என்று யோசித்தாள். முதற் கழி நைந்துபோனது. இரண்டாவது மஞ்சளாகி நின்றது. ஆறாவது கழியில் பிடிபட்டது: சோடாத்தூள் முதலில், பிறகு ஹைட்ரோஸ், கை பொறுக்காத சூடு, ஆனால் கொதிக்கக் கூடாது, மூடியை அடிக்கடி திறக்கக் கூடாது. அரை மணித்தியாலத்தில் நூல் பால் நிறத்துக்கு வந்துவிடும்.

ஹைட்ரோஸுக்கு உயிர் இருக்கிறதா, செத்துவிட்டதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஒருவகை மஞ்சள் சாயம் போட்ட துணிக்கீற்றைப் பானையில் முக்குவாள். நீலமாக மாறினால் ஹைட்ரோஸ் இன்னும் வேலை செய்கிறது. மஞ்சளாகவே கிடந்தால் முடிந்துவிட்டது. காலிதீனின் தமையன் அச்சிமுகம்மது முப்பது வருடம் சாயம் போட்டவர். இதைப் பார்த்துவிட்டு, படித்தவர்கள் கடதாசியில் செய்வதை இவள் கந்தல் துணியில் செய்கிறாள் என்று ஊரெல்லாம் சொன்னார். புகழ்ச்சியா கேலியா என்று தெரியாதபடி சொல்வது அவருடைய பழக்கம்.

அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அச்சிமுகம்மதுவின் வீட்டு வளவிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஓடுகிற தண்ணீரைத் தாண்டிப் போகும்போது பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஸைனம்புவின் பானையிலிருந்து கொட்டுகிற தண்ணீரோ பால் விடாமல் ஆறிய பிளேன்டீ போல இலேசான மஞ்சள், சில நாளில் அதுவும் இல்லை. நிறம் போனால் அழுக்கும் போய்விட்டது என்பதுதான் ஊருக்குள் எல்லோருடைய எண்ணமும். ஹைட்ரோஸ் நாற்றம் அடங்கிய பிறகு அந்தத் தண்ணீரை அவள் வாழையடிக்கு ஊற்றுவாள். பாத்திரம் அலசுவாள். கால் கழுவுவாள். வெறுங்கையால்தான் நூலைப் பிழிவாள். இருபது வருடம் அப்படியே போனது.

1998ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்து சில வாரத்தில், தெரு வடிகானில் ஓடும் சாயத்தண்ணீரைப் பற்றிப் பள்ளிவாசலில் முறைப்பாடு வந்தது. அந்தக் கான் கடற்கரைக்குப் போகிறது, பிள்ளைகள் அதில் கால் வைக்கிறார்கள், எதற்கும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்த சுஜித்தா என்ற பெண் ஒரு பெட்டி நிறையப் போத்தல்களோடு வந்தாள். பக்கத்து ஊரான பாண்டிருப்புக்காரி, இருபத்தேழு வயது. மருதமுனைச் சேலை கட்டித்தான் பள்ளிக்கூடக் கலைவிழாவில் ஆடினேன் என்று சொல்லிக்கொண்டே அச்சிமுகம்மதுவின் வளவுக்குள் நுழைந்தாள்.

எதை வைத்துச் சோதிக்கப்போகிறாய் என்று அவர் கேட்டார். மதுவம் என்றாள் சுஜித்தா. அவருக்கு விளங்கவில்லை. பேக்கரியில் பாணுக்குப் போடும் ஈஸ்ட்தான் என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப எங்கட சாயத்தில பாண் சுட்டுப் பாக்கப் போறீங்க."

சுஜித்தா கோபிக்கவில்லை. பக்கத்து வளவிலிருந்து வந்து நின்ற ஸைனம்புவுக்கும் சேர்த்து நிதானமாக விளக்கினாள். உயிருள்ள எதற்குள்ளும், ஈஸ்டுக்குள்ளும் மனிதருக்குள்ளும், டி.என்.ஏ. என்று நூல் மாதிரி ஒன்று இருக்கிறது. உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதில்தான். சில இரசாயனங்கள் அந்த நூலை அறுக்கும். அறுந்த இடத்தை ஈஸ்ட் உடனே திருத்தப் பார்க்கும். வெளிநாட்டு விஞ்ஞானிகள் ஈஸ்டின் பரம்பரை அலகில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள். திருத்த வேலை தொடங்குகிற அதே நேரம் அது வேறொரு பொருளையும் உண்டாக்கும், அந்தப் பொருள் பட்டால் குழாயில் இருக்கிற மருந்து நீலமாகும். நீலம் கண்டால், அந்தத் தண்ணீரில் நூலறுக்கிற ஏதோ இருக்கிறது. அப்படி அறுக்கிற சில பொருட்கள் வருடக்கணக்கில் உடம்பில் பட்டால் புற்றுநோய் வரக்கூடும்.

ஸைனம்பு தன் வீட்டுத் தறியை வைத்து யோசித்தாள். பாவில் ஒரு இழை அறுந்தால் நெசவுகாரர் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவார், தறிச்சத்தம் நின்றதை வைத்தே வெளியில் நிற்கிறவனுக்கு இழை அறுந்தது தெரியும், அப்படியா என்று கேட்டாள்.

"ஓம் ராத்தா, அதேதான்" என்றாள் சுஜித்தா. இவ்வளவு சுருக்கமாகத் தன்னால் வகுப்பில்கூடச் சொல்ல முடிந்ததில்லை என்று பிற்பாடு சொன்னாளாம்.

அச்சிமுகம்மதுவின் ஆறு பானையிலிருந்தும் தண்ணீர் எடுத்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீரும் வேண்டும், அது ஆய்வுகூடத்திலேயே இருக்கிறது என்று சுஜித்தா சொன்னபோது, ஸைனம்பு தன் வளவுக்குப் போய் ஒரு போத்தலோடு வந்தாள்.

"என்ட தண்ணியையும் கொண்டு போ புள்ள. சாயம் எடுத்த தண்ணி எப்பிடி இரிக்கிம் எண்டு மச்சானுக்கும் தெரியட்டும்."

பத்து நாளில் முடிவு வந்தது. சாயத் தண்ணீர் எதிலும் நீலம் தெரியவில்லை. அவை ஏற்கெனவே நிறமாக இருந்ததால் வடித்து, ஐதாக்கி, பல தடவை பார்த்திருந்தார்கள். ஸைனம்புவின் போத்தலில் மட்டும் ஈஸ்ட் முழுவதும் செத்துப்போயிருந்தது. செத்த ஈஸ்ட் ஒன்றும் சொல்லாது, அதனால் அந்தத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது என்றாள் சுஜித்தா. அத்தோடு இன்னொரு குறையும் இருந்தது. மனித உடம்புக்குள் போகிற சில பொருட்களை ஈரல் மாற்றிய பிறகுதான் அவை நூலை அறுக்கும். அதற்காகக் குழாயில் எலி ஈரலின் சாறு கொஞ்சம் சேர்க்க வேண்டும். கண்டியிலிருந்து ஐஸ் பெட்டியில் அனுப்பியிருந்தார்கள். வழியில் சோதனைச்சாவடியில் பெட்டி நாலு மணித்தியாலம் வெயிலில் கிடந்து உருகிவிட்டது. சாறு மறுபடி வருகிறது, மறுபடி பார்ப்போம் என்றாள்.

இந்தக் கதை அசர் தொழுகைக்கு முன்னமே ஊரைச் சுற்றிவிட்டது. வெளுப்புக்காரியின் தண்ணீரில் ஈஸ்ட் மௌத்தாகிவிட்டது, ஜனாஸா அடக்கம் எப்போது என்று காலிதீனிடம் தறிக்காரர்கள் கேட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து சொன்னார். ஸைனம்பு சிரிக்கவில்லை. அடுத்த நாளே சுஜித்தாவுக்கு ஆள் அனுப்பினாள்.

தன் தண்ணீரில் ஈஸ்ட் ஏன் செத்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவசரத்தில் சூடு ஆறாத பானையிலிருந்து மொண்டு கொடுத்துவிட்டாள். அதில் ஹைட்ரோஸ் உயிரோடு இருந்தது, சோடாவின் காரமும் இருந்தது. அதில் எந்தப் பூச்சி பிழைக்கும்? அவள் வாழைக்கு ஊற்றுவது அந்தத் தண்ணீர் அல்ல, ஆறி அடங்கிய தண்ணீர். ஆகவே அதைத்தான் சோதிக்க வேண்டும்.

சுஜித்தா பார்த்திருக்க, ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு உயரத் தூக்கி ஊற்றினாள். காற்றுப் பட்டால் ஹைட்ரோஸ் சாகும். முப்பது தடவை ஊற்றி மஞ்சள் கீற்றை முக்கினாள். அது நீலமானது. இன்னும் முப்பது தடவை. கீற்று பச்சை கலந்து நின்றது. மூன்றாம் முறை மஞ்சளாகவே கிடந்தது. பிறகு வினாகிரி என்ற புளிக்காடியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காரத்தைப் போக்கினாள். சுஜித்தா தன் கையிலிருந்த கடதாசியால் சோதித்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர் எப்படிக் காட்டுமோ அப்படியே காட்டியது. ஆய்வுகூடத்தில் இந்த வழி யாருக்கும் தோன்றவில்லை என்று அவள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

"இப்ப கொண்டு போ" என்றாள் ஸைனம்பு. "இதில உன்ட ஈஸ்ட் சாகா."

ஈஸ்ட் சாகவில்லைதான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு காலை நேரம், சுஜித்தா குழாய்த் தட்டோடு நேரே ஸைனம்புவின் வளவுக்கு வந்தாள். அச்சிமுகம்மதுவின் வளவுக்குப் போகவில்லை. அதிலேயே ஸைனம்புவுக்கு ஏதோ விளங்கிவிட்டது. கிணற்றடியில் கிடந்த மர வாங்கில் தட்டை வைத்தாள் சுஜித்தா. முதல் வரிசை சாயத் தண்ணீர்கள், ஈரல் சாறு சேர்த்தும் நீலம் இல்லை. இரண்டாம் வரிசை ஆய்வுகூடத்து நல்ல தண்ணீர், அதிலும் இல்லை. கடைசி வரிசை ஸைனம்புவின் தண்ணீர். அது மட்டும் கடும் நீலமாக இருந்தது.

ஸைனம்பு தட்டை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தாள். இருபது வருடம் நிறம் பார்த்த கண். நீலம் அடியில் படிந்த சாயமா, முழுக்கப் பரவிய நீலமா என்று சரித்துச் சரித்துப் பார்த்தாள். பரவிய நீலந்தான்.

சுஜித்தா மெல்லக் காரணம் சொன்னாள். சில மலிவான சாயங்கள் இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்தவை. ஒட்டியிருக்கும்போதுதான் நிறம். ஹைட்ரோஸ் அந்த ஒட்டை உடைக்கும், நிறம் போய்விடும், ஆனால் துண்டுகள் தண்ணீரில் இருக்கும். அவற்றுக்கு நிறமில்லை. ஈரல் அவற்றைத் தொட்டதும் நூலை அறுக்கும் பொருளாக மாறுகின்றன.

"எலிட ஈரலுக்குத் தெரிஞ்சிரிக்கி" என்றாள் ஸைனம்பு. "எனக்குத் தெரியல்ல."

வீட்டில் இரண்டு தறியில் ஒன்று ஓடாமல் கிடந்தது. காலிதீனுக்கு முழங்கால் வலி. அந்த வீடு அவளுடைய பானையில்தான் நடந்துகொண்டிருந்தது. சுஜித்தாவுக்கும் அது தெரியும்.

"ராத்தா, கேட்டது சாயத் தண்ணியப் பத்தி. இது நீங்களாத் தந்தது. அறிக்கையில போடத்தான் வேணும் எண்டு இல்ல. நான் உங்களுக்கு மட்டும் சொன்னதா இரிக்கட்டும்."

ஸைனம்பு தட்டைத் திரும்ப வாங்கில் வைத்தாள்.

"நான் தந்த போத்தல் எந்த நிறத்திட தண்ணி எண்டு கேட்டியா?"

சுஜித்தா கேட்டிருக்கவில்லை.

"அண்டைக்குக் கறுப்பு, சிவப்பு, பச்சை மூணும் ஒரே பானையில போட்டன். இதுல எது அறுக்கிது எண்டு உன்ட ஈஸ்ட் சொல்லல்லயே. எல்லாச் சாயமும் கூடாது எண்டா நான் பானையக் கவுக்கிறன். ஒண்டு ரெண்டுதான் எண்டா மத்ததுக்கு ஏன் பழி? ஒவ்வொண்டா எடுத்துத் தாறன். பாத்துட்டு எழுது. என்ட பேரையும் போட்டு எழுது."

அடுத்த ஒரு மாதம் அவள் யாருடைய நூலையும் வெளுக்க எடுக்கவில்லை. ஊரில் புழங்கிய சாயம் பதினொன்று. எல்லாம் கடையில் தகரப்பேணியிலிருந்து அள்ளிப் பையில் கட்டித் தருகிற தூள், கம்பனிப் பெயர் கிடையாது. காகக் கறுப்பு, மாதுளைச் சிவப்பு, கொய்யாப் பச்சை என்று ஊர் வைத்த பெயர்கள்தான். ஒரே பெயரில் இரண்டு கடையில் இரண்டு தூள் இருக்கலாம். அதனால் அவள் பெயரை நம்பவில்லை. ஒவ்வொரு தூளிலும் புதிதாக ஒரு கழி நூலுக்குச் சாயம் போட்டு, தனிப் பானையில், தனிக் கம்பால் கிண்டி வெளுத்தாள். தண்ணீரைக் காற்றாட்டி, காரம் போக்கி, போத்தலில் ஊற்றினாள். வெளுக்கும் முன் எடுத்து வைத்த நூலில் ஒரு சிறு குஞ்சத்தைப் போத்தல் கழுத்தில் கட்டினாள். சுஜித்தா வாங்கிக் கொடுத்த றப்பர் கையுறை அவளுக்குப் பெரிது, மணிக்கட்டில் நூல் சுற்றி இறுக்கிக்கொண்டாள். தண்ணீரை வாழைக்கு ஊற்றவில்லை. மிச்சமெல்லாம் பிளாஸ்டிக் கலன்களில் மூடிக் கிடந்தது, பிறகு பல்கலைக்கழக வான் வந்து ஏற்றிப்போனது. பன்னிரண்டாவது போத்தலாகக் கிணற்றுத் தண்ணீரும் வைத்தாள். அந்த வீடு குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

அந்த மாதம் வீட்டில் மீன் குறைந்தது. நூல் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் காத்தான்குடிக்குக் கொண்டுபோகிறேன் என்றார். கொண்டு போங்க, அங்கயும் இதே தண்ணிதான், அவங்களுக்கும் சொல்லுங்க என்று அனுப்பினாள்.

முடிவு வந்த நாள் ஸைனம்பு முதலில் கேட்டது கிணற்றைத்தான். நீலம் இல்லை என்றாள் சுஜித்தா. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொன்னாள்: நீலம் இல்லையென்றால் இந்த ஈஸ்டின் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை என்பதுதான், ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. வருடா வருடம் பார்க்க வேண்டும். ஸைனம்புவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அளவுக்கு மேல் சொல்லாத ஆளை நம்பலாம் என்றாள்.

பதினொரு நிறத்தில் எட்டில் நீலம் இல்லை. மூன்றில் இருந்தது: கறுப்பு, கொய்யாப் பச்சை, மண்ணிறம். மாதுளைச் சிவப்பு தப்பிவிட்டது. இத்தனைக்கும் ஊர் பயந்தது கானில் ஓடிய அந்தச் சிவப்புக்குத்தான்.

அன்று பின்னேரமே அவள் காலிதீனோடு அச்சிமுகம்மதுவின் வளவுக்குப் போனாள். அவர் கறுப்புப் பானையின் முன் நின்றார். இந்த மூன்றையும் இனி நான் வெளுக்கமாட்டேன் என்று அவள் சொன்னதை அவர் எளிதாக ஏற்றுக்கொண்டார். நீங்களும் இந்த மூன்று தூளையும் வாங்க வேண்டாம் என்றதும் முகம் மாறியது. கறுப்பில்லாமல் ஆண்கள் கட்டும் சாரனுக்குக் கரை எப்படி நெய்வது என்று கேட்டார். தன் தண்ணீரில் நீலம் இல்லை என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டாள், ஈரல் சாறு போட்டும் இல்லை, குற்றம் ஹைட்ரோஸ் போட்டவளுடையது என்றார். பேசிக்கொண்டே, பழக்கத்தில், சுண்டுவிரலைப் பானையில் தொட்டு நாக்கில் வைத்தார். சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும். உப்புச் சரியா என்று அவர் பார்ப்பது நாக்கால்தான். முப்பது வருடமாக, நாளுக்குப் பத்துத் தடவை.

ஸைனம்பு அவர் விரலையே பார்த்தாள்.

"மச்சான், ஹைட்ரோஸ் செய்யிற வேலைய வயித்துக்குள்ள இரிக்கிற கிருமியும் செய்யுமாம். சுஜித்தா சொன்னா. உங்கட பானையில அந்தத் துண்டெல்லாம் ஒட்டிக் கிடக்கு, அதால நீலம் வரல்ல. நீங்க நக்கினா உள்ள போய் உடையிது. என்ட பானைய நான் கிணத்தடியில வெச்சிரிக்கன். நீங்க வயித்துக்குள்ள வெச்சிரிக்கீங்க."

அச்சிமுகம்மது விரலைச் சாரனில் துடைத்தார். பிறகு குடத்தடிக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து தம்பியைக் கேட்டார்:

"இவ எப்பவும் இப்பிடித்தான் கதைக்கிறவளா?"

"நூலைப் பத்தி எண்டா" என்றார் காலிதீன்.

அடுத்த கிழமை அச்சிமுகம்மதுவும் ஸைனம்புவும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததையெல்லாம் டொக்டரிடம் சொன்னார்கள். இந்தச் சாயத் துண்டுகள் கெடுக்கக்கூடியது சிறுநீர்ப்பையை என்று இரண்டு பேருடைய சிறுநீரையும் பார்த்தார்கள். குறை ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார்கள். உப்பை அளக்க அச்சிமுகம்மது ஒரு சுண்டு வாங்கினார். முதல் மாதம் இரண்டு பானை கெட்டது. எங்கள் ஊர்ச் சாயக்காரர்கள் இப்போது நாக்கில் வைப்பதில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஒளித்து நாக்கில் வைக்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களையும் ஸைனம்பு விடவில்லை.

அறிக்கையைப் பள்ளிவாசலில் வாசித்தார்கள். அதில் அவள் பெயர் இருந்தது: பரிசோதனைக்கு நீர் தயாரித்தவர், ஸைனம்பு காலிதீன். இதற்குப் பிறகு யாரும் அவளிடம் நூல் கொண்டுவரமாட்டார்கள் என்று காலிதீன் பயந்தார். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. மூன்று நாள் ஒருவரும் வரவில்லை.

நாலாம் நாள் நற்பிட்டிமுனைப் பக்கத்திலிருந்து பரீனா என்ற பெண் சைக்கிளில் இரண்டு மூட்டை நூலோடு வந்தாள். அவளுக்கு மூன்று தறி. இறக்கி வைத்துவிட்டு, இதை வெளுக்கலாமா என்று கேட்டாள். ஸைனம்பு மூட்டையைப் பிரித்தாள். ஒன்றில் மாதுளைச் சிவப்பு, மற்றதில் கறுப்பு. கறுப்பைத் திருப்பிக் கட்டினாள். இதைத் தொடமாட்டேன், வெளுக்காமல் கரைக்கே போட்டு நெய்து முடித்துவிடு, இனி இந்தத் தூளை வாங்காதே, கொழும்பிலிருந்து வேறு கறுப்பு எடுப்பிக்க மச்சான் சொல்லியிருக்கிறார், அதையும் முதலில் ஈஸ்டுக்குக் காட்டிவிட்டுத்தான் பானையில் போடுவோம் என்றாள்.

பரீனா கறுப்பு மூட்டையைத் திரும்பச் சைக்கிளில் ஏற்றினாள்.

"அதுக்குத்தான் உங்கட்ட வந்தன் ராத்தா. எது ஏலும் எது ஏலாது எண்டு தெரிஞ்ச ஆள் நீங்க மட்டும்தானே. சிவப்பு எப்ப கிடைக்கிம்?"

ஸைனம்பு கையுறையை மாட்டி, மணிக்கட்டில் நூலைச் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கினாள்.

"நாளைக்கு லுஹர் தொழுகைக்குப் பிறகு வா" என்றாள். அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொல்லிக் காலிதீனைக் கூப்பிட்டாள்.